ஒரு லிட்டர் பெட்ரோலில் இருந்து இரண்டேகால் கிலோ புகை வருமா?

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் இப்போது படியுங்கள், மற்றவர்கள் சாயங்காலம் டீயோடு படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் கோபத்தில்தான் எழுத வந்தது.

போன வாரம் வில்லியனூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன், இன்ஜினியரிங் முடித்தவன், போனில் எதையோ படித்துவிட்டுச் சிரித்தான். "சார், இதப் பாருங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ரெண்டேகால் கிலோ கார்பன் டை ஆக்சைடு வருதாம். ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான் சார் இருக்கும். முக்கால் கிலோவ எரிச்சா ரெண்டேகால் கிலோ எங்கேருந்து வரும்? எல்லாம் கப்சா."

கடையில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும், "விறகு எரிஞ்சா ஒரு புடி சாம்பல்தானே மிச்சம், எடை குறையத்தானே செய்யும்" என்றார்.

டீக்கடைக்காரர் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவின் பெரிய பெரிய மேதைகளும் அதையேதான் சொன்னார்கள். எரியும் பொருளில் இருந்து ஏதோ ஒன்று வெளியேறிப் போகிறது, அதனால்தான் எரிகிறது என்றார்கள். பாரிசில் லவோசியர் மூடிய பாத்திரத்தில் எரித்து, எரிப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்துக் காட்டிய பிறகுதான் அந்தக் கதை முடிந்தது. அவரை 1794இல் கில்லட்டினில் வெட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு இன்னும் லவோசியருக்கு முந்திய காலத்திலேயே நிற்கிறோம்.

எனக்கு வருத்தம் அந்த இன்ஜினியர் பையனைப் பார்த்து. பத்தாவதில் அறிவியலில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவன். "எரிதலுக்குத் தேவையான வாயு எது?" என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் "ஆக்சிஜன்" என்பான். ஆனால் அந்த ஆக்சிஜனுக்கு எடை உண்டு என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. ஆக்சிஜன் அவனுக்கு ஒரு ஒரு மார்க் விடை, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறில் 8 கார்பன், 18 ஹைட்ரஜன். கார்பன் 12, ஹைட்ரஜன் 1. ஆக மொத்தம் 114. இது முழுதாக எரிய 25 ஆக்சிஜன் அணு வேண்டும். ஒன்று 16 என்றால் 400. அதாவது 114 கிராம் பெட்ரோல் 400 கிராம் ஆக்சிஜனைச் சாப்பிடுகிறது. வெளியே வருவது 352 கிராம் கரியமில வாயு, 162 கிராம் தண்ணீர். கூட்டிப் பாருங்கள்: உள்ளே 514, வெளியே 514. ஒரு கிராம் கூட எங்கும் தொலையவில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் 740 கிராம் என்றால், அது காற்றில் இருந்து எடுப்பது 2 கிலோ 600 கிராம் ஆக்சிஜன். கரியமில வாயு 2 கிலோ 285 கிராம். தண்ணீர் 1 கிலோ 50 கிராம். காலையில் வண்டியை எடுக்கும்போது சைலென்சரில் இருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறதே, "இன்ஜின்ல தண்ணி பூந்துடுச்சு" என்று மெக்கானிக்கிடம் ஓடுகிறோமே, அது இந்தத் தண்ணீர்தான்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத யாரும் எங்களுக்கு இப்படிச் சொல்லித் தரலியே சார்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. அந்த "யாரும்" என்பதில் நானும் உண்டு.

நான் பட்டதாரி ஆசிரியர் இல்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம், அப்புறம் நேரே பள்ளிக்கூடம். பாகூர், வில்லியனூர் கொம்யூன்களிலேயே பணிக்காலம் முழுக்கப் போனது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியலும் எடுத்திருக்கிறேன். எல்லோரும் செய்கிற அந்த மெழுகுவர்த்திச் சோதனையை நானும் வருடா வருடம் செய்தேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் மெழுகுவர்த்தி அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "பார்த்தீர்களா பிள்ளைகளே, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது தீர்ந்துபோன இடத்துக்குத் தண்ணீர் வந்தது." பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளும் பாராட்டினார்கள்.

இருபத்திரண்டு வருடம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பாகூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாவது படித்த பெண் ஒருத்தி ஒருநாள் எழுந்து கேட்டாள். "சார், ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாத்தானே தீரும்? அப்போ தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏறணும்? மெழுகுவத்தி அணையற வரைக்கும் சும்மா இருந்துட்டு, அணைஞ்சப்புறம் ஏன் சார் சடக்குன்னு ஏறுது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உட்காரு, அப்புறம் சொல்றேன்." அந்த அப்புறம் வரவே இல்லை. அவள் பத்தாவது முடித்துப் போய்விட்டாள்.

பல வருடம் கழித்து ஒரு விடுமுறையில் உட்கார்ந்து கணக்கைப் போட்டேன். மெழுகை 25 கார்பன், 52 ஹைட்ரஜன் என்று வைத்தால், ஒரு மூலக்கூறு மெழுகு எரிய 38 மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். அதில் இருந்து 25 மூலக்கூறு கரியமில வாயு வருகிறது. நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும், அதை விட்டுவிடலாம். அதாவது 38 பேர் எழுந்து போன பெஞ்சில் 25 பேர் புதிதாக வந்து உட்காருகிறார்கள். காலியாகும் இடம் 13 பேருக்குத்தான். காற்றில் உள்ள 21 சதவீத ஆக்சிஜன் மொத்தமும் தீர்ந்தாலும், தண்ணீர் 7 சதவீதம்தான் ஏற முடியும். மொத்தமும் தீர்வதும் இல்லை. ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கினாலே மெழுகுவர்த்தி மூச்சை விட்டுவிடும். அப்படியானால் 2 சதவீதம் கூட ஏறக் கூடாது.

பிறகு ஏன் அவ்வளவு ஏறுகிறது? சூடுதான் காரணம். சுடரின் சூட்டில் விரிந்த காற்று டம்ளரின் விளிம்பு வழியாகக் குமிழி விட்டு வெளியேறுகிறது. அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் சடக்கென்று ஏறுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள். டம்ளருக்குள் ஆக்சிஜன் அதே அளவுதான், ஆனால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். அந்தப் பெண் கண்ணால் பார்த்ததை நான் புத்தகத்தால் மறைத்தேன்.

அரைப் பக்கக் கணக்கு. அதை முதல் வருடமே போட்டிருந்தால் இருபத்திரண்டு வருடப் பொய் இல்லை. ஏன் போடவில்லை? எனக்கு அந்தக் கணக்கு மார்க்குக்காக மட்டும் சொல்லித் தரப்பட்டது. பரீட்சை முடிந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24இல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025இல் நம் பிள்ளைகள் பத்தாவது பொதுத் தேர்வை முதல் முறையாக அதில் எழுதினார்கள். தரம் உயர்ந்துவிட்டது என்று மேடையில் பேசினார்கள். மாறியது சரியா தப்பா என்ற அரசியலுக்கு நான் வரவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் "அணுக்களும் மூலக்கூறுகளும்" என்ற பாடத்தில் மோல் கணக்கு இருக்கிறது. சி.பி.எஸ்.இ.யில் அது ஒன்பதாம் வகுப்பில் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. கத்தரியை எடுத்தபோது அதை வெட்டிவிட்டார்கள். பத்தாவதில் தனிம வரிசை அட்டவணைப் பாடமும் போயிற்று, ஆற்றல் மூலங்கள் பாடமும் போயிற்று. அட்டவணைக்காக நாடே சத்தம் போட்டது. மோலுக்காக யாரும் அழவில்லை.

மிச்சம் இருப்பது சமன்பாட்டைச் சமப்படுத்துவது. இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை, முன்னால் 2 போடு, 3 போடு. சுடோகு மாதிரி. ஏன் சமப்படுத்த வேண்டும் என்று கேட்டால் "நிறை அழியாது" என்று ஒரு வரி சொல்வார்கள். ஆனால் எந்த நிறையையும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. பத்தாவது புத்தகத்தின் முதல் செய்முறையே மக்னீசியம் நாடாவை எரிப்பதுதான். எரிக்கிறார்கள், பளிச்சென்று வெளிச்சம் வருகிறது, வெள்ளைப் பொடி விழுகிறது, எழுதிக்கொள்கிறார்கள். 24 கிராம் மக்னீசியம் 16 கிராம் ஆக்சிஜனைப் பிடித்து 40 கிராம் பொடியாகிறது, அதாவது எரிந்த பின் எடை கூடுகிறது என்பதைத் தராசில் வைத்து யார் காட்டுகிறார்கள்? மூடி போட்ட கிண்ணத்தில் எரித்து நிறுத்தால் ஒரே பீரியடில் அந்த டீக்கடைக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

ஆசிரிய நண்பர்கள் என்னிடம் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "அதான் பிளஸ் ஒன்ல வருதே சார்." வருகிறது. 16 கிராம் மீத்தேன் எரிந்தால் எத்தனை கிராம் தண்ணீர் வரும் என்று பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் கேட்டிருக்கிறார்கள். 36 கிராம். நல்ல கணக்கு. ஆனால் அது யாருக்கு? அறிவியல் பிரிவு எடுத்தவனுக்கு. வணிகவியல் எடுத்த பெண்ணுக்கு இல்லை, பத்தாவதோடு ஐ.டி.ஐ. போய் வெல்டிங் படிக்கிற பையனுக்கு இல்லை. வெல்டிங் பையனை யோசித்துப் பாருங்கள். ஒரு கையில் அசிட்டிலீன், ஒரு கையில் ஆக்சிஜன். எரிபொருளுக்கு எத்தனை பங்கு ஆக்சிஜன் என்பதே அவன் பிழைப்பு. அவனுக்கு முந்தின வருடமே அந்தப் பாடத்தை மூடிவிட்டோம்.

இன்னொரு பதில் உண்டு. அதைச் சொல்கிறவர்கள் மேல்தான் எனக்கு உண்மையான கோபம். "கிராமத்துப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு சார், பாஸ் பண்ணா போதும்." இதை வெளியூர்க்காரர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். நம் ஊர் வாத்தியாரே சொல்கிறார். தன் பிள்ளையை டவுனில் நீட் கோச்சிங்கில் சேர்த்துவிட்டு வந்து சொல்கிறார். பாகூர்க்காரர்களுக்கு மேடை கிடைத்தால் போதும், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே எங்கள் ஊர்க் கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை எழுதி வைத்தார்கள், செப்பேடு இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெருமைதான். மூன்று கிராமம் வேண்டாம், ஒரு வகுப்புக்கு ஒரு தராசு வாங்கி வைத்திருக்கிறோமா?

கணக்கு போடத் தெரியாவிட்டால் புத்தகம் சொல்வதை அப்படியே விழுங்க வேண்டியதுதான். ஓர் உதாரணம். நாம் சொல்லிக்கொடுத்த எட்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் எரிபொருள்களின் கலோரி மதிப்பு அட்டவணை ஒன்று உண்டு. மீத்தேன் கிலோவுக்கு 50,000 கிலோஜூல், சமையல் கேஸ் 55,000. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதினார்கள். 58 கிராம் பியூட்டேன் எரிந்தால் சுமார் 2,880 கிலோஜூல் வருகிறது. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 50,000க்குக் கொஞ்சம் கீழே. புரொப்பேன் 50,000க்குக் கொஞ்சம் மேலே. இரண்டையும் எப்படிக் கலந்தாலும் 55,000 வராது! மீத்தேனுக்குத்தான் 55,000ஐத் தாண்டும், நீராவி குளிர்ந்து விடும் சூட்டையும் சேர்த்தால். பரீட்சையில் சரியாக எழுதிய பிள்ளைக்கு மார்க் போயிருக்கும்.

வீட்டுக்கு வருவோம். சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். வசதிக்காக எல்லாம் பியூட்டேன் என்று கொள்வோம். 58 கிராமுக்கு 208 கிராம் ஆக்சிஜன். அப்படியானால் ஒரு சிலிண்டர் தீர 51 கிலோ ஆக்சிஜன் வேண்டும். காசு கொடுத்து வாங்குவது 14 கிலோ, ஓசியில் ஜன்னல் வழியாக வருவது 51 கிலோ. எட்டடிக்கு எட்டடி, ஒன்பதடி உயரச் சமையலறையில் இருக்கும் காற்று மொத்தமே 19 கிலோ சுமார், அதில் ஆக்சிஜன் நாலரைக் கிலோவுக்குக் குறைவு. ஒரு மணி நேரத்தில் 200 கிராம் கேஸ் எரித்தால் 700 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் போகும், 600 கிராம் கரியமில வாயு சேரும். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தால் 21 சதவீதம் பதினேழரைக்கு வந்துவிடும். கொசுவுக்குப் பயந்து சாயங்காலம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிறோமே, தலை பாரமாக இருக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்கிறோமே, இந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

இது தலைவலியோடு போகிற விஷயம். போகாத விஷயம் ஒன்று இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இன்னொரு கணக்கு: இரண்டு மோல் கார்பனை, அதாவது 24 கிராமை, 16 கிராம் ஆக்சிஜனில் எரித்தால் எவ்வளவு கரியமில வாயு? விடை 22 கிராம். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, மிச்சக் கார்பன் சும்மா கிடக்கிறது என்று கணக்கு முடிகிறது. தாளில் சரி. கரி அடுப்பில் கார்பன் அப்படிச் சும்மா கிடக்காது. ஆக்சிஜன் பத்தாத இடத்தில் கனன்று கொண்டிருக்கும் கரி, 12 கிராமுக்கு 32 கிராம் கிடைக்காவிட்டால் 16 கிராமை வைத்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக வரும். நிறம் கிடையாது, வாடை கிடையாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி படிக்கிறோமே, அது இதுதான்.

நம் ஊரில் ஏது குளிர் என்று கேட்காதீர்கள். நம் ஊரில் சாம்பிராணி இருக்கிறது.

சில மாதம் முன்பு என் பழைய மாணவி ஒருத்திக்குக் குழந்தை பிறந்து பார்க்கப் போனேன். குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்து வந்திருந்தார்கள். சின்ன அறை, ஜன்னல் சாத்தி, கதவும் சாத்தி, மண் தட்டில் கனிந்த கரி, மேலே சாம்பிராணி. ஆயா குழந்தையின் தலையைப் புகைக்கு மேலே காட்டிக்கொண்டிருந்தார். நான் போய் ஜன்னலைத் திறந்தேன். "காத்து பட்டா சளி புடிக்கும் வாத்தியாரே" என்றார் ஆயா. கரிப்புகை ஆகாதம்மா என்றேன். அந்தப் பெண் சொன்னாள்: "சார், கரியில இருந்து வர்றது கார்பன் டை ஆக்சைடுதானே. நாம மூச்சுல விடுறதுதானே அது. ஒண்ணும் பண்ணாது சார்."

நான் சொல்லித் தந்த விடை. முழு மார்க் போட்ட விடை. கார்பன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு. ஆக்சிஜன் போதுமானால் என்ற வார்த்தையை நான் சேர்த்துச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும், எவ்வளவு இருந்தால் போதும் என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியாது. அவள் பிளஸ் டூவில் வணிகவியல்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். தட்டில் 50 கிராம் கரி, அது முழுக்கக் கார்பன் என்று வைத்துக்கொண்டேன். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மோனாக்சைடாக மாறினாலும் 11 கிராமுக்கு மேல். அந்த அறையின் காற்றில் பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் வரும். அந்த அளவில் பெரியவர்களுக்கே ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வரும். ஐந்து நிமிடத்தில் தட்டை வெளியே எடுத்துவிட்டால் இவ்வளவு சேராது. குழந்தை தூங்கட்டும் என்று தட்டை அங்கேயே மூலையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திப் போகிற வீடுகள் எனக்குத் தெரியும்.

மறுநாள் ஒரு தாளில் இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது எங்களுக்கு இல்லாத பாடம் சார்" என்றாள். ஆனாலும் படித்தாள். தட்டு இப்போது தாழ்வாரத்துக்குப் போயிருக்கிறது, ஆயாதான் என்னோடு பேசுவதில்லை.

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் பக்கம் எட்டு, ஒன்பது, பத்து எடுக்கிற ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லை என்றால் இல்லாமல் போகட்டும், ஒரே ஒரு பீரியட் கொடுங்கள். என்னிடம் நகைக்கடையில் வைப்பது மாதிரி ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது, மூடி போட்ட பீங்கான் கிண்ணமும் இருக்கிறது. பெட்ரோல் கணக்கை நான் போடுகிறேன். மக்னீசியம் நாடா மட்டும் உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். சனிக்கிழமை தவிர எந்த நாளும் எனக்குச் சௌகரியம்.